ஏற்காட்டு ஹெரால்டின் இடது பின்சக்கரம்: பேரிங் மாற்றியும் போகாத சத்தம்

வண்டி 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு, 948 சிசி. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துப் பெரியவருடையது, அவருடைய அப்பா புதிதாக எடுத்த வண்டி. புகார் என்னவென்றால் பின்பக்கம் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல், 35 கி.மீ. வேகத்தில் தொடங்கி 50-இல் பேச்சே கேட்காத அளவுக்கு. ஆவணியில் சேலத்தில் ஒரு பட்டறையில் இடது பின்சக்கர பேரிங்கைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், இரண்டு வாரம் வண்டி பூனை மாதிரி ஓடியிருக்கிறது, கார்த்திகைக்குள் அதே சத்தம் திரும்பி வந்துவிட்டது. நடுவில் ஓடியது 900 கி.மீ. கூட இல்லை. மார்கழியில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கம்பெனி பேரிங்தான் போட்டாங்க, பில்லு இருக்கு. டூப்ளிகேட்னு சொல்லிடாதீங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

டூப்ளிகேட் இல்லை. பேரிங் நல்ல பேரிங். அது உட்கார்ந்த இடம்தான் கெட்டுப்போயிருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கும் மேஸ்திரிக்கும் மூன்று நாள் ஆனது, அதில் முதல் நாள் முழுக்க என் தப்பு.

ஹெரால்டின் பின்பக்கம் அம்பாசிடரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புரியாது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரில் ஒரே நீளமான ஆக்சில் குழாய், அதற்குள் இரண்டு தண்டுகள். ஹெரால்டில் குழாயே கிடையாது. நடுவில் டிஃப்ரன்ஷியல் (இன்ஜினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கிறது, அதன் தலைமேல் குறுக்கே ஒற்றை பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் கிராஸ், அதாவது வளைந்துகொடுக்கும் மூட்டு, வைத்த ஹாஃப் ஷாஃப்ட் வெளியே நீண்டு நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்டும் கூடவே கதவு மாதிரி ஆடுகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது, சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடாமல் பிடித்து வைப்பது, இரண்டு வேலையும் அந்த ஒரே தண்டுக்கு. இந்த அமைப்பு நம்மூர் மெக்கானிக்குகளுக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. 1972-இல் கம்பெனியே ஹெரால்டை நிறுத்திவிட்டு கெசல் கொண்டுவந்தபோது பின்னால் சாதாரண ஒற்றை ஆக்சிலுக்கு மாறிவிட்டார்கள்.

தண்டின் சக்கரப் பக்க முனையில் ஒரு இரும்பு ஹவுசிங். அதற்குள் இரண்டு பேரிங். வெளிப்பக்கம் பால் பேரிங், உள்பக்கம் நீடில் பேரிங், அதாவது குண்டுக்குப் பதிலாக ஊசி ஊசியாக மெல்லிய உருளைகள். இந்தக் கதை மொத்தமும் நீடில் பேரிங்கின் ஒரு குணத்தில்தான் நிற்கிறது: இந்த வகைக்கு உள்வளையம் கிடையாது. ஊசிகள் நேராகத் தண்டின் மேலேயே உருளும். தண்டுதான் பேரிங்கின் உள்பாதி.

சரி, முதல் நாள்.

பெரியவர் வண்டியை அடிவாரம் வரை மெதுவாக இறக்கிக் கொண்டுவந்தார், அங்கே நான் ஏறிக்கொண்டேன். கோரிமேடு வரும் வரை நேர் ரோட்டில் காதை வைத்துக் கேட்டால் சத்தம் சத்தியமாக நடுவிலிருந்து வந்தது, பின்சீட்டுக்குக் கீழே, சரியாக டிஃப்ரன்ஷியல் இருக்கும் இடத்தில். நான் உடனே கிரவுன் பினியன், அதாவது டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி, என்று முடிவு கட்டிவிட்டேன். பட்டறைக்கு வந்து ஆயிலை இறக்கினோம், வெள்ளைத் துணியில் வடிகட்டினோம், காந்தத்தை விட்டுத் துழாவினோம். கொஞ்சம் சாம்பல் பசை, அவ்வளவுதான், ஒரு பல் துணுக்குகூட இல்லை. அரை நாள் போனது.

மேஸ்திரி டீயைக் குடித்துக்கொண்டே ஒரே கேள்வி கேட்டார். "ஏனுங்க, காலை எடுத்தா சத்தம் மாறுச்சா?"

மாறவில்லை. அதை நான் கவனித்தும் யோசிக்கவில்லை. கிரவுன் பினியன் சத்தம் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்ததும் வேறு சுருதி, ஏனென்றால் பல்லின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குப் பாரம் மாறுகிறது. பேரிங்குக்கு அதெல்லாம் கவலையில்லை. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு சத்தம், மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். சமதள ரோட்டில் 50-இல் நியூட்ரல் போட்டு உருளவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் (சமதளத்தில்தான், மலை இறக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யப்போய் பிரேக்கைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்). அப்புறம் டயர். டயர் இரைச்சல் என்றால் தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கோ புதுத் தாருக்கோ மாறும்போது சத்தமும் மாறும். இது மாறவில்லை. கிராஸ் போயிருந்தால் இரைச்சலே வராது, கிளட்சை விடும்போது "டொக்" என்று ஒரு அடிதான் வரும்.

அப்படியானால் நடுவிலிருந்து ஏன் கேட்டது? ஸ்பிரிங்தான் காரணம். இரண்டு சக்கர ஹவுசிங்கையும் டிஃப்ரன்ஷியலின் தலையையும் அந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் இணைக்கிறது. சக்கர ஓரத்தில் பிறக்கும் அதிர்வு பட்டை வழியாக நடந்து நடுவுக்கு வந்து அங்கிருந்து பாடியில் ஏறுகிறது. ஹெரால்டில் காது சொல்லும் இடத்தை நம்பக் கூடாது.

பக்கம் எது என்று கண்டுபிடிக்கத் திருப்பங்கள்தான் வழி. வலது பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்துக்குப் போகும், இடது பக்கம் வளைத்தால் வலது சக்கரத்துக்கு. மைதானத்தில் எட்டு போட்டு இதைப் பார்ப்பார்கள். எங்களுக்கு எதற்கு மைதானம், சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே. இரண்டாம் நாள் காலையில் கூட்டம் ஏறும் முன்பே போனோம். மேஸ்திரி பின்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சீட்டில் கோடு போட்டார். வலது பக்கம் திரும்பும் வளைவுகளில் இரைச்சல் கரகரவென்று ஒரு படி ஏறியது, இடது வளைவுகளில் ஏறக்குறைய அடங்கியது. ஆறாவது வளைவோடு போதும் என்று திரும்பிவிட்டோம். இடது சக்கரம். அதாவது ஆவணியில் பேரிங் மாற்றிய அதே சக்கரம்.

மேஸ்திரி ஹப்பில் (சக்கரம் மாட்டியிருக்கும் நடுக்குடம்) கை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் வெதுவெதுப்பு, இடது பக்கம் கையை வைக்க முடியவில்லை. மலையில் ஓட்டிய வண்டியில் பிரேக் டிரம்மும் சூடாகும் என்பதால் இதை நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது.

பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். இங்கேதான் ஹெரால்டில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மற்ற வண்டிகளில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் வந்தால் பேரிங் போச்சு என்று அர்த்தம். ஹெரால்டில் மேலே தள்ளினால் ஆக்சிலே கதவு மாதிரி ஆடும், ஹவுசிங்கைத் தாங்கும் நைலான் புஷ்கள் கொடுக்கும், ரேடியஸ் ஆர்ம் ரப்பர் கொடுக்கும். எல்லாம் கையில் ஒரே "லொடக்" ஆகத்தான் தெரியும். நல்ல பேரிங்கைக் குற்றவாளி ஆக்கியவர்களும் உண்டு, செத்த பேரிங்கைப் புஷ் என்று சொல்லி அனுப்பியவர்களும் உண்டு.

பிரிக்கும் வழி ரொம்ப எளிது. ஒருவர் சக்கரத்தை ஆட்ட, இன்னொருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிரேக் பிடித்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது, டிரம் சுழல்கிற தண்டோடு இருக்கிறது, ஷூ தாங்கும் பேக் பிளேட் ஹவுசிங்கோடு இருக்கிறது. ஆக தண்டும் ஹவுசிங்கும் பூட்டிக்கொள்கின்றன, நடுவில் இருக்கும் பேரிங் ஆட்டம் காணாமல் போகும். பிரேக்கை அழுத்தியும் மிஞ்சுகிற ஆட்டம் புஷ்ஷுடையது. எங்கள் வண்டியில் பிரேக் போட்டதும் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

அளவு வேண்டுமே என்று நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜும் வைத்தேன். காந்த அடியைச் சேஸிஸிலோ தரையில் கிடக்கும் இரும்பிலோ வைத்தால் மேலே சொன்ன எல்லா ஆட்டமும் சேர்ந்து கணக்கில் வரும், ஆகவே அடியை பேக் பிளேட்டிலேயே உட்காரவைத்து முள்ளைச் சக்கர ரிம்மின் உள்விளிம்பில் தொடவிட வேண்டும், அப்போதுதான் தண்டுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே உள்ளது மட்டும் தெரியும். இடது பக்கம் 0.6 மி.மீ. வலது பக்கம் 0.1-க்கும் குறைவு.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ அந்தப் புது பேரிங்கும் போயிருச்சா?" என்றார். போய்விட்டது ஐயா, ஆனால் அது தானாகச் சாகவில்லை என்றேன். கழற்றிப் பார்க்காமல் அதற்கு மேல் பேசக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

ஹப்பைக் கழற்றுவது ஒரு தனிப் போராட்டம். தண்டின் முனை டேப்பர், அதாவது கூம்பாகக் குறுகும், அதில் கீ என்ற சின்ன இரும்புத் துண்டு வைத்து ஹப் ஏறி நட்டால் இறுகியிருக்கிறது. சுத்தியலால் அடித்தால் ஹப் ஃபிளாஞ்ச் வளையும், அடி பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் குழி போடும், அதற்குப் பிறகு பழைய சேதம் எது நாம் செய்தது எது என்றே தெரியாது. இரண்டு கால் புல்லர் போட்டால் ஃபிளாஞ்ச் ஓரம் நெளியும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் தடித்த தகடு ஒன்றில் நான்கு ஸ்டட்டுக்கும் ஓட்டை போட்டு நடுவில் பெரிய போல்ட் வரும்படி ஒரு புல்லர் செய்து வாங்கினோம். நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரையில் விட்டுவைத்தோம், இல்லாவிட்டால் ஹப் விடுபடும்போது புல்லரோடு பறந்து வந்து காலில் விழும். முடிந்த மட்டும் இறுக்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. சூடு காட்டலாமா என்று உதவிக்கு இருந்த பையன் கேட்டான், வேண்டாம், உள்ளே இருக்கும் சீலும் கிரீஸும் வெந்துவிடும், நாம் பார்க்க வந்த சாட்சியே அதுதான் என்றேன். இறுக்கத்தோடு அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். ராத்திரி பத்து மணிக்குக் காவலுக்கு இருந்தவர் போன் செய்தார், "உள்ள ஏதோ வெடிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சுங்க." ஹப் விட்டுவிட்டது.

மூன்றாம் நாள் பிரித்தோம். டிஃப்ரன்ஷியல் பக்க ஃபிளாஞ்சின் நான்கு போல்ட்டையும் கழற்றி ஹவுசிங்கோடு முழுத் தண்டையும் மேசைக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. ஹவுசிங்கை வைஸில் பிடித்துத் தண்டைக் கையால் மெல்லச் சுழற்றினால், மிதியடியில் மணல் ஒட்டியது மாதிரி நறநறப்பு. வெளிப்பக்க பால் பேரிங்கில் கிரீஸ் நிறையவே இருந்தது, ஆவணியில் வைத்தது, நிறம்கூட மாறவில்லை, ஆனால் குண்டுகள் ஓடும் பாதை வளையத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கிச் சாய்ந்து தேய்ந்திருந்தது. இப்படிச் சாய்ந்த தடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: பேரிங் கோணலாக ஓடியிருக்கிறது.

உள்பக்கத்தில் கிரீஸே இல்லை. செங்காவி நிறத்தில் ஒரு பொடி, அதில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. ஊசிகளில் பாதி சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன, இரண்டு உடைந்திருந்தன. துடைத்துவிட்டுத் தண்டைப் பார்த்தால் ஊசிகள் உருண்ட இடத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம், நகத்தை வைத்து இழுத்தால் தட்டி நிற்கிறது. மைக்ரோமீட்டரில் பக்கத்துத் தேயாத இடத்தைவிடப் பள்ளம் 0.18 மி.மீ. குறைவு. பள்ளத்துக்குள் மேல்தோல் உரிந்து சொரசொரப்பு. தண்டு சுழல்வதால் அது சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருக்கிறது, ஊசிகளின் வெளிக்கூடு அசையாமல் நிற்பதால் பாரம் விழும் பக்கத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஆக இரண்டு தேய்மானமும் பல வருடத்துக் கணக்கு, நான்கு மாதத்துக் கணக்கு இல்லை.

இப்போது கதை கோத்து வந்துவிட்டது. நீடில் பேரிங்குக்கு ஹவுசிங்கில் ஒரு பிளக் இருக்கிறது. அதைக் கழற்றி நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) போட்டு, கிரீஸ் கன்னால் அடித்து, மறுபடி பிளக்கைப் போட வேண்டும். நிப்பிள் வெளியே துருத்திக்கொண்டு இருந்தால் எந்தப் பையனும் கிரீஸ் அடித்துவிடுவான். பிளக்கோ சேறும் தூசியும் மூடினால் ஒரு போல்ட் தலை மாதிரிதான் தெரியும், சர்வீஸுக்கு விட்ட இடங்களில் யாரும் அதைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. அதோடு தோட்டத்து ஷெட்டில் வண்டி இரண்டு மழைக்காலம் அசையாமல் நின்றதாகப் பெரியவரே சொன்னார். சேர்வராயன் மலை ஈரத்தில் காய்ந்த பேரிங் அப்படி நின்றால் ஊசிகள் தொடும் இடத்தில் எல்லாம் துரு கோடு போடும், பிறகு ஓட்டும்போது அந்தக் கோடுகளே உப்புத்தாளாக அரைக்கும்.

ஊசிக்கும் தண்டுக்கும் இடையே இடைவெளி விழுந்ததும் ஹவுசிங் தண்டின் மேல் நேராக உட்காராமல் சாய்கிறது. 0.18 மி.மீ. என்பது கேட்கச் சின்னது. ஆனால் இரண்டு பேரிங்குக்கும் இடையே சில அங்குலம்தான் தூரம், அதற்குள் அவ்வளவு சாய்ந்தால் ஒற்றை வரிசை பால் பேரிங் பொறுக்கக்கூடிய கோணம் தாண்டிவிடுகிறது. ஆவணியில் புதிதாகப் போட்ட பேரிங் முதல் நாளிலிருந்தே கோணலாகத்தான் ஓடியிருக்கிறது, குண்டுகள் புதிது என்பதால் இரண்டு வாரம் சத்தம் வரவில்லை. பேக் பிளேட்டும் ஹவுசிங்கோடு சாய்வதால் ஷூ ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தது, ஹேண்ட் பிரேக் ஒரு நாள் பிடிக்கும் ஒரு நாள் பிடிக்காது என்று பெரியவர் வேறொரு புகாராகச் சொன்னதற்கும் விடை அங்கேயே கிடைத்தது.

முந்தைய பட்டறையைத் திட்டுவதற்கு எனக்கு மனமில்லை. சத்தம் போட்டது பால் பேரிங்தான், அதை மாற்றினார்கள், சத்தம் நின்றது, பணம் வாங்கினார்கள். உள்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் முழுத் தண்டையும் இறக்க வேண்டும், அதற்கு யார் கூலி கொடுப்பது? ஆனால் நீடில் பேரிங்கை மட்டும் மாற்றியிருந்தாலும் இதே கதைதான். பள்ளம் விழுந்த தண்டின் மேல் புது ஊசிகளைப் போட்டால் பேரிங்கில் பாதியைத்தான் மாற்றியதாகும்.

தண்டை என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். லேத் அண்ணன் வெல்டிங் வைத்து ஏற்றிக் கடைந்து தருகிறேன் என்றார், நல்ல எண்ணத்தில்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசிகள் உருள தண்டின் மேல்தோல் ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 58-க்கு மேல் கடினமாக இருக்க வேண்டும், சாதாரண வெல்டிங் உலோகம் அதற்குப் பக்கத்தில்கூட வராது, சூடு சுற்றியிருக்கும் நல்ல தோலையும் இளக்கிவிடும். அதைவிடப் பெரிய பயம் விரிசல். பின்சக்கரத்தைப் பிடித்திருப்பது இந்தத் தண்டு மட்டும்தான், டேப்பர் பக்கத்தில் முறிந்தால் சக்கரம் வண்டியை விட்டுப் போய்விடும். கடைந்து மெலிதாக்கி வளையம் செருகலாம் என்ற யோசனையும் வந்தது. தண்டு அதிகம் வளைபடும் இடத்திலேயே அதை மெலிதாக்குவதா? ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்டிங் செய்வது ஒருவேளை சரி, பள்ளம் வழவழப்பாக இருந்திருந்தால். இங்கே அடித்தோலே உரிந்திருந்தது.

கடைசியில் ஈரோட்டுப் பக்கம் உடைத்த ஒரு ஹெரால்டிலிருந்து இரண்டு தண்டு கிடைத்தது. ஒன்றில் ஊசித் தடம் நகத்துக்குத் தட்டியது, ஒதுக்கினோம். இன்னொன்று கண்ணாடி மாதிரி இருந்தது. அப்படியும் விடவில்லை, சிவப்பு மை தடவி வெள்ளைப் பொடி தெளிக்கும் விரிசல் சோதனையைக் கீ வெட்டின் அடியிலும் பேரிங் உட்காரும் தோளிலும் செய்தோம், விரிசல் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் பிறக்கும். கோடு ஒன்றும் எழவில்லை. டேப்பரில் நீல மை தடவி ஹப்பை ஏற்றிப் பார்த்தோம், முக்கால்வாசிக்கு மேல் தொட்டது. முறுக்கு முழுவதையும் டேப்பரின் பிடிதான் தாங்க வேண்டும், கீ துணைக்கு மட்டும். அதனால் டேப்பரில் எண்ணெய்ச் சொட்டுகூட இல்லாமல் துடைத்துப் போட்டோம்.

புது நீடில் கூட்டை, முத்திரை குத்திய பக்கத்தை அழுத்தி பிரஸ்ஸில் ஏற்றினோம், சீல் இரண்டும் புதிது, கிராஸும் கையோடு புதிது, லித்தியம் கிரீஸ். அளவு பார்த்தபோது டயல் கேஜ் முள் 0.05-ஐத் தாண்டவில்லை. பிளக் இருந்த இடத்தில் நிரந்தரமாக நிப்பிளே போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார், நான் வேண்டாம் என்றேன், நிப்பிளைக் கண்டால் நம்ம ஆட்கள் கை சும்மா இருக்காது, அடித்துத் தள்ளி கிரீஸ் சீலைத் தாண்டி ஷூவில் இறங்கிவிடும். பிளக் தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். எதற்கு மஞ்சள் என்று பின்னால் வரும் யாராவது கேட்பார்கள் அல்லவா.

மறுநாள் இருபது வளைவும் ஏறினோம். வலது வளைவில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பெரியவர் டிக்கி மூடி லொடலொடக்கிறது பார் என்றார். அது எப்போதும் லொடலொடத்ததுதான், இரைச்சலில் கேட்டிருக்காது. 600 கி.மீ. ஓடியபின் இடது பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன், அளவு அப்படியே இருக்கிறது.

வலது பக்கத்துப் பிளக்கையும் கழற்றி கிரீஸ் அடித்தோம், முதலில் வெளிவந்தது அதே செங்காவி, கொஞ்சம்தான். ஆட்டம் 0.1-க்குள் இருப்பதால் இப்போது ஓடட்டும், ஆனால் அதையும் பிரிக்காமல் விடுவதாக இல்லை. ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் வடிந்ததும் வண்டியை இறக்குவதாகப் பெரியவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். புல்லர் தகடு என்னிடம்தான் இருக்கிறது.